குரூகர் பூங்காவுக்குள் சமைத்துத் தங்க எந்த இடம்?

தென்னாப்பிரிக்காவின் குரூகர் தேசியப் பூங்காவுக்குப் போவதென்று முடிவெடுக்கும் குடும்பங்கள் பெரும்பாலும் விமானச் சீட்டை வாங்கிய பிறகே தங்குமிடத்தைப் பற்றி யோசிக்கத் தொடங்குகின்றன. அதற்குள் நல்ல இடங்களில் பலவும் பிறர் கைக்குப் போயிருக்கும். வடக்கிலிருந்து தெற்காக ஏறத்தாழ 360 கிலோமீட்டர் நீளமும், சராசரியாக 65 கிலோமீட்டர் அகலமும் கொண்ட அந்தப் பெருங்காட்டில், இரவில் எங்கே தூங்குகிறோம் என்பதே மறுநாள் எதைப் பார்க்கிறோம் என்பதைப் பெரிதும் தீர்மானிக்கிறது.

வழிகள் நான்கு. பூங்காவின் வேலிக்கு வெளியே உள்ள ஊர்களில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துக்கொண்டு தினமும் உள்ளே போய்வரலாம். பூங்காவுக்குள்ளேயே தனியார் நடத்தும் சொகுசு விடுதிகளில் தங்கலாம். தேசியப் பூங்காக்களை நிர்வகிக்கும் அரசு அமைப்பான சான்பார்க்ஸ் நடத்தும் பெரிய முகாம்களில் சமையல் வசதியுள்ள காட்டேஜ் ஒன்றை எடுக்கலாம். அல்லது அதே அமைப்பின் ‘புஷ்வெல்ட்’ முகாம்கள் எனப்படும் சிறிய, ஒதுக்குப்புறமான இடங்களுக்குப் போகலாம். இவற்றை விலையை வைத்து ஒப்பிடுவதே வழக்கம். ஆனால் விலையைக் காட்டிலும் பயனுள்ள அளவுகோல் ஒன்று உண்டு: விடியற்காலையில் வாயில் திறக்கும்போது, வயிற்றுக்கு ஏதேனும் ஆகாரத்தோடு, வண்டியில் தயாராக உட்கார்ந்திருக்க அந்த இடம் நம்மை விடுமா?

வாயிலின் கடிகாரம்

குரூகரில் பொழுது சாய்ந்த பின் சொந்த வண்டியில் சாலையில் இருக்க எவருக்கும் அனுமதி இல்லை. முகாம்களைச் சுற்றி வேலியும் வாயிலும் உண்டு. அவ்வாயில்கள் மாதத்துக்கு மாதம் மாறும் நேரப்படி திறந்து மூடப்படுகின்றன. ஜூன், ஜூலை போன்ற குளிர்கால மாதங்களில் காலை 6 மணிக்குத் திறந்து மாலை 5.30 மணிக்கு மூடுகிறார்கள். கோடையின் நடுவிலோ, நவம்பர் முதல் ஜனவரி வரை, முகாம் வாயில்கள் அதிகாலை 4.30 மணிக்கே திறந்துவிடும். ஆனால் பூங்காவின் வெளி வாயில்கள் 5.30 மணிக்குத்தான் திறக்கும். உள்ளே தங்கியவருக்கு அந்த ஒரு மணி நேரம் தனிச் சொத்து. அப்போது சாலையில் வெளியூர் வண்டிகள் இல்லை; இரவு முழுக்க அலைந்த சிங்கங்கள் தார்ச்சாலையின் வெதுவெதுப்பில் படுத்திருக்கும்; கழுதைப்புலிகள் வளைக்குத் திரும்பிக்கொண்டிருக்கும். ஒன்பது மணிக்குமேல் வெயில் ஏறினால் இவையெல்லாம் புதருக்குள் போய்விடும். பிறகு மாலை நான்கு மணிக்குத்தான் காடு மறுபடி விழித்துக்கொள்கிறது.

தூரக் கணக்கையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். தார்ச்சாலையில் உச்ச வேகம் மணிக்கு 50 கிலோமீட்டர், மண்சாலையில் 40. விலங்குகளுக்காக நின்று நின்று போகும்போது மணிக்கு 25 கிலோமீட்டர் என்று கணக்கிடுவதே பாதுகாப்பு. ஸ்குகூஸா முகாமிலிருந்து சத்தாரா முகாம் வரையான சுமார் 93 கிலோமீட்டரை வரைபடத்தில் பார்த்துவிட்டு இரண்டு மணி நேரம் என்று நினைப்பவர், மூடும் வாயிலை நோக்கி வியர்க்க வியர்க்க ஓட்ட நேரிடும். பிந்தி வந்தால் அபராதமும் உண்டு.

சமையலறை இங்கேதான் பொருட்படத் தொடங்குகிறது. முகாம் உணவகங்கள் காலை உணவைப் பரிமாறத் தொடங்கும் நேரத்துக்குக் காத்திருந்தால், பார்க்க வேண்டியவற்றில் பாதி போய்விடும். மாலையிலும் அப்படியே: வாயில் மூடும் வரை நீர்நிலையருகே இருந்துவிட்டு வந்து, மதியமே செய்து வைத்ததைச் சூடாக்கிச் சாப்பிட முடிந்தால், அந்த நாள் முழுவதும் நம் கையில் இருக்கிறது. பணத்தை மிச்சப்படுத்துவதற்காகச் சமையல் வசதியை நாடுவோர் பலர். உண்மையில் அது மிச்சப்படுத்துவது நேரத்தை.

வேலிக்கு வெளியே

வெளியில் தங்குவதற்கு ஆதரவாகச் சொல்லப்படும் காரணங்கள் பொய்யானவை அல்ல. முதலை ஆற்றின் தென்கரையில் இருக்கும் மார்லோத் பார்க்கில் நீச்சல் குளத்தோடும் முழுச் சமையலறையோடும் வீடுகள் கிடைக்கின்றன; வரிக்குதிரையும் ஒட்டகச்சிவிங்கியும் அவ்வூர்த் தெருக்களில் சாதாரணமாக நடமாடும். மேற்கே ஹேஸிவியூ, பபேனி வாயிலுக்கு மிக அருகில் உள்ளது. பலபோர்வா நகரின் விளிம்பிலேயே பூங்காவின் வாயில் இருக்கிறது. எட்டுப் பத்துப் பேர் ஒரே கூரையின்கீழ் இருக்க விரும்பினால், அல்லது கைக்குழந்தையை வைத்துக்கொண்டு ஒருநாள் விட்டு ஒருநாள் மட்டும் பூங்காவுக்குள் போனால் போதுமென்றால், வெளிவீடுதான் சரி.

மற்றவர்களுக்கு அது தினசரித் தண்டனையாகிவிடக்கூடும். விடியுமுன் கிளம்பி, வாயிலில் வரிசையில் நின்று, படிவம் நிரப்பி, கட்டணம் செலுத்தி உள்ளே போவதற்குள் முகாமிலிருந்து கிளம்பியவர்கள் முதல் சிங்கத்தைப் பார்த்துவிட்டு அடுத்த நீர்நிலைக்கு நகர்ந்திருப்பார்கள். விடுமுறை நாள்களில் ஒவ்வொரு வாயிலிலும் பகல்நேரப் பயணிகளுக்கு எண்ணிக்கை வரம்பு இருப்பதால், முன்பதிவு இல்லாமல் வந்தவர்கள் திரும்பிப் போவதும் நடக்கிறது. ஹூட்ஸ்ப்ரைட் போன்ற ஊர்களிலிருந்து ஓர்பென் வாயிலுக்கே சுமார் 70 கிலோமீட்டர். மாலையில் அதே தூரம் திரும்ப வேண்டும். ஆகவே சூரியன் சாயும் பொன்னான வேளையில் நாம் நெடுஞ்சாலையில் லாரிகளுக்குப் பின்னால் இருப்போம்.

தனியார் விடுதிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அங்கே தலைக்கு இவ்வளவு என்று ஓர் இரவுக்கு வாங்கும் தொகையில், சான்பார்க்ஸ் காட்டேஜில் ஒரு குடும்பமே பல நாள் தங்கலாம். அதற்கு ஈடாக மூன்று வேளை உணவும், திறந்த வண்டியில் வழிகாட்டியோடு காலை மாலை உலாவும், சாலையை விட்டு இறங்கிச் சிறுத்தையின் அருகே போகும் உரிமையும் சில இடங்களில் கிடைக்கின்றன. ஓட்டத் தெரியாதவர்க்கும், இரண்டே இரவு மட்டும் கையில் உள்ளவர்க்கும் இது நியாயமான செலவு. ஆனால் விலங்கைத் தாமே தேடிக் கண்டுபிடிக்கும் இன்பம் அங்கே இல்லை. எங்கே நிறுத்துவது, எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதையெல்லாம் வேறொருவர் தீர்மானிப்பார். சைவ உணவைப் பற்றி முன்கூட்டியே எழுதிச் சொல்லிவிட்டால் பெரும்பாலும் கவனித்துக்கொள்கிறார்கள்.

பெரிய முகாம்கள்

1926-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டு, மறு ஆண்டே முதல் சுற்றுலாப் பயணிகளை ஏற்ற குரூகரில் இன்று ஸ்குகூஸா, லோயர் சாபீ, சத்தாரா, ஒலிஃபன்ட்ஸ், லெதாபா, பெர்க்-என்-டால், பிரிடோரியஸ்காப், மோபானி உள்ளிட்ட பன்னிரண்டு பெரிய முகாம்கள் இயங்குகின்றன. பெரும்பாலானவற்றில் கடை, உணவகம், எரிபொருள் நிலையம் ஆகியன இருக்கின்றன. படுக்கை விரிப்பு, துண்டு, சோப்பு எல்லாம் முகாமே தருகிறது. ஒவ்வொரு குடிலின் முன்னும் ‘பிராய்’ எனப்படும் விறகடுப்பு உண்டு. அந்திக்குப் பின் முகாம் முழுவதும் புகை மணக்கும்.

தங்குமிட வகைகளைப் பிரித்தறிவதில்தான் முதன்முறை போகிறவர்கள் ஏமாறுகிறார்கள். ‘ஹட்’ என்பது கட்டிலும் விசிறியும் உள்ள ஓர் அறை. குளியலறையும் சமையலறையும் பொதுவானவை. ‘பங்களா’ என்று முன்பதிவுப் பட்டியலில் இருப்பது பெரும்பாலும் கூம்பு வடிவக் கூரையோடு கூடிய ஒற்றை அறைதான். குளியலறை உள்ளே இருக்கும், குளிரூட்டியும் இருக்கும், இரண்டோ மூன்றோ பேர் படுக்கலாம். ‘காட்டேஜ்’, ‘குடும்பக் காட்டேஜ்’, ‘விருந்தினர் காட்டேஜ்’ என்று போகப்போகப் படுக்கையறைகள் பெருகும், கூடமும் சேரும், சமையலறை சுவருக்குள் வரும். நான்கு பேருக்கு மேற்பட்ட குடும்பத்துக்கு இரண்டு பங்களாக்களை எடுப்பதைவிட ஒரு குடும்பக் காட்டேஜ் எடுப்பது நல்லது. விலையில் பெரிய வித்தியாசம் இல்லாவிட்டாலும் சமையலறை விஷயத்தில் வித்தியாசம் மிகப் பெரிது.

ஏனெனில் பங்களாவின் சமையல் மேடை வழக்கமாக வராந்தாவில்தான் இருக்கிறது. இரண்டு தட்டு மின்னடுப்பு, ஒரு சிறிய குளிர்பதனப் பெட்டி, பாத்திரங்கள் வைக்கும் அலமாரி, ஒரு தொட்டி, அவ்வளவுதான். மேலும் ஒரே முகாமுக்குள்ளேயே சில பங்களாக்களில் இந்த மேடை உண்டு, சிலவற்றில் குளிர்பதனப் பெட்டியோடு சரி. முன்பதிவின்போது ஒவ்வொரு வகைக்கும் கீழே உள்ள விவரத்தை வரிவரியாகப் படிக்காதவர், அங்கே போய்ச் சேர்ந்த பிறகு பொதுச் சமையற்கூடத்தில் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியிருக்கும். அந்தப் பொதுக்கூடங்களும் மோசமில்லை. கொதிநீர் எப்போதும் கிடைக்கும், மின்னடுப்புகள் இருக்கும், பக்கத்தில் சமைக்கும் தென்னாப்பிரிக்கர்கள் காலையில் எந்தச் சாலையில் சிறுத்தையைக் கண்டார்கள் என்பதையும் சொல்வார்கள். ஆனால் பாத்திரம், தட்டு, கரண்டி எல்லாவற்றையும் நாமே கொண்டுவர வேண்டும் என்பதால், வெளிநாட்டிலிருந்து வருகிறவர்க்கு அது ஏற்றதல்ல.

வராந்தாச் சமையலின் உண்மையான எதிரி குரங்கு. வெர்வெட் குரங்குகளும் பபூன்களும் பகல் முழுவதும் முகாம்களைச் சுற்றிவருகின்றன; குளிர்பதனப் பெட்டிக்குக் கொக்கியோ கம்பிக் கூண்டோ போட்டிருப்பது அவற்றுக்காகத்தான். வெங்காயத்தை நறுக்கி வைத்துவிட்டு உப்பெடுக்க உள்ளே போய்வருவதற்குள் ரொட்டிப் பொட்டலம் மரத்தின்மேல் இருக்கும். இரவில் தேன்வளைக்கரடி வந்து குப்பைத்தொட்டியைக் கவிழ்க்கும். உணவு கொடுத்துப் பழக்கிய குரங்குகள் முரட்டுத்தனமாக மாறி, இறுதியில் கொல்லப்படும் நிலை வருவதால், அவற்றுக்கு எதையும் போடக்கூடாது என்ற விதியை முகாம்கள் கண்டிப்பாக நடைமுறைப்படுத்துகின்றன. சுவருக்குள் சமையலறை இருக்கும் காட்டேஜில் இந்தத் தொல்லை பெருமளவு குறைகிறது. பெர்க்-என்-டாலிலும் மோபானியிலும் எல்லாக் குடில்களுக்கும் முழுச் சமையலறை இருப்பது அவ்விரு முகாம்களின் அதிகம் பேசப்படாத சிறப்பு.

என்ன சமைப்பது என்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. முகாம் கடைகளில் இறைச்சி, முட்டை, பால், ரொட்டி, அரிசி, டப்பா உணவு, விறகு, கரி எல்லாம் கிடைக்கும். காய்கறி கிடைப்பது நாளைப் பொறுத்தது. ஸ்குகூஸா கடை பெரியது, மற்றவை சிறியவை. ஆகவே பூங்காவுக்கு வெளியே ம்பொம்பேலாவிலோ மலேலேனிலோ உள்ள பல்பொருள் அங்காடியில் வாரத்துக்கான காய்கறியை வாங்கிக்கொண்டு நுழைவதே முறை. மசாலாவுக்கு அந்நாட்டில் பஞ்சமில்லை. சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் 1860 நவம்பரில் டர்பனில் கரை சேர்ந்ததிலிருந்து தொடங்கிய தமிழர் குடியேற்றத்தின் பயனாக, பருப்பும் மிளகாய்த்தூளும் கறிப்பொடியும் அங்கே பெருநகரங்களின் அன்றாடப் பொருள்கள். ஜோகன்னஸ்பர்கில் இறங்குகிறவர்கள் ஃபோர்ட்ஸ்பர்க் கடைத்தெருவில் ஒரு மணி நேரம் செலவிட்டால் கறிவேப்பிலை வரை வாங்கிவிடலாம். இரண்டு தட்டு மின்னடுப்பு மெதுவாகவே சூடேறும் என்பதால், ஒரு சிறிய பிரஷர் குக்கரைப் பெட்டியில் வைத்துக்கொள்வது வீண் சுமையாகாது.

சமையலறை இருக்கிறது என்பதற்காக மூன்று வேளையும் சமைத்தால், வீட்டில் சமைக்கிறவர் காட்டிலும் சமைத்துக்கொண்டுதான் இருப்பார். நம் குடும்பங்களில் அது பெரும்பாலும் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. வெயில் உச்சியில் இருக்கும் பதினொன்றிலிருந்து மூன்று மணிக்குள் ஒரே ஒருமுறை சமைத்து, அதையே இரவுக்கும் வைத்துக்கொண்டு, விடியலுக்கு ஃபிளாஸ்க்கில் காப்பியும் ரொட்டியும் எடுத்துக்கொள்வதுதான் நியாயமான ஏற்பாடு. முகாம் மாறும் நாளில் இன்னும் கவனம் வேண்டும்: காலை 10 மணிக்குள் ஓர் இடத்தைக் காலி செய்ய வேண்டும், பிற்பகல் 2 மணிக்குத்தான் அடுத்த இடத்தின் சாவி கிடைக்கும். இடைப்பட்ட நேரத்துக்குப் புளிச்சாதத்தைவிட நம்பகமான துணை இல்லை. ட்ஷோக்வானே, அஃப்சால், ந்குலு போன்ற இளைப்பாறுமிடங்களில் இறங்கிச் சாப்பிடலாம். சில இடங்களில் எரிவாயுவில் இயங்கும் அகன்ற வாணலியை வாடகைக்கு எடுத்துத் தோசைகூடச் சுடலாம்.

எந்த முகாம்?

லோயர் சாபீயும் சத்தாராவும் முதற்பயணத்துக்கு ஏறத்தாழ எல்லோரும் சொல்லும் பெயர்கள்; அந்தப் புகழ் தகுதியானதே. லோயர் சாபீ, வற்றாத சாபீ ஆற்றின் கரையில் இருக்கிறது. வாயிலை விட்டு இறங்கியதும் சன்செட் அணை. நீர்யானை, முதலை, நீர் குடிக்க வரும் யானைக் கூட்டம் எல்லாம் வண்டியில் உட்கார்ந்தபடியே தெரியும். அங்கிருந்து ஆற்றோரமாக ஸ்குகூஸா வரை போகும் சுமார் 45 கிலோமீட்டர் தார்ச்சாலை பூங்காவிலேயே அதிக நெரிசலானது, விலங்குகளும் அங்கே அதிகம். சமையல் வசதியோடு கூடிய கூடாரக் குடில்களும் அங்கே உண்டு. ஆற்றைப் பார்த்தவை முதலில் தீர்ந்துவிடும்.

சத்தாரா புல்வெளியின் நடுவில் இருக்கிறது. எரிமலைப் பாறையிலிருந்து உருவான வளமான கருமண்ணில் நல்ல புல் முளைக்கிறது. புல்லைத் தேடி வரிக்குதிரையும் காட்டெருமையும், அவற்றைத் தேடிச் சிங்கமும் வருகின்றன. முகாமுக்குக் கிழக்கே ந்வனெட்ஸி ஓடையை ஒட்டிச் செல்லும் மண்சாலையில் விடியற்காலையில் போவதற்காகவே பலர் சத்தாராவை எடுக்கிறார்கள். முகாமிலிருந்து பார்ப்பதற்கு ஆறோ மலையோ கிடையாது. வட்டமாக நிற்கும் குடில்களும் ஒரு சிறிய நீர்க்குழியும் மட்டுமே. வேலியோரக் குடில்களைக் கொஞ்சம் கூடுதல் விலைக்குத் தருகிறார்கள். இரவில் கழுதைப்புலி வேலிக்கு அப்பால் நடந்துபோவதைப் பார்க்க விரும்புவோர் அந்த விலையைக் கொடுக்கலாம்.

ஒலிஃபன்ட்ஸ் இதற்கு நேர்மாறு. ஆற்றுக்கு மேலே செங்குத்தான பாறை விளிம்பில் அமைந்த அம்முகாமின் ஆற்றுமுகப் பங்களா ஒன்று கிடைத்துவிட்டால், வண்டியை எடுக்காமலேயே ஒரு பகலைக் கழித்துவிடலாம். வராந்தாவில் சாதம் வேகும்போதே கீழே யானைகள் ஆற்றைக் கடக்கும். ஆற்றுமுகம் கிடைக்காவிட்டால் அங்கே தங்குவதில் பாதிப் பயன் போய்விடும் என்பது என் கணிப்பு. அருகில் உள்ள லெதாபா நிழல் நிறைந்த, நிதானமான முகாம். பெருந்தந்தங்களுக்குப் பேர்போன குரூகர் யானைகளின் தந்தங்களை அங்குள்ள யானைக் காட்சியகத்தில் பார்க்கலாம்.

ஸ்குகூஸாவைப் பற்றி மாறுபட்ட கருத்துகள் உண்டு. விமான நிலையம், பெரிய கடை, மருத்துவ உதவி, கோல்ஃப் மைதானம் என்று அது ஒரு சிற்றூர் போலவே இருக்கும். காட்டுக்குள் வந்த உணர்வு வேண்டுவோர்க்கு அது கசக்கும். ஆனால் வயதானவர்களோடு வரும் குடும்பம் முதல் இரவை அங்கே கழித்துவிட்டு, சாமான் வாங்கிக்கொண்டு நகர்வதில் தவறே இல்லை. பிரிடோரியஸ்காப் மிகப் பழைய முகாம். பாறையில் அமைந்த நீச்சல் குளம் குழந்தைகளுக்குப் பிடிக்கும், உயரப் புல் வளர்ந்த சுற்றுப்புறத்தில் விலங்குகளைக் காண்பதற்குத்தான் பொறுமை வேண்டும். வடக்கே மோபானி, ஷிங்வெட்ஸி, புண்டா மரியா ஆகியவை பறவை பார்ப்போர்க்கும் ஏற்கெனவே ஒருமுறை தெற்கைச் சுற்றியவர்க்கும் உரியவை. மோபானே மரக்காடு மைல்கணக்கில் ஒரே மாதிரி நீளும். சிங்கம் பார்க்க வேண்டும் என்ற ஒரே ஆவலோடு வரும் பிள்ளைகளை அங்கே கொண்டுபோய் வைப்பது அவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

சிறிய முகாம்கள்

பியமிதி, தலமாதி, ஷிமுவினி, சிர்ஹேனி, பேட்டலூர் ஆகிய ஐந்தும் புஷ்வெல்ட் முகாம்கள். பேட்டலூரில் ஏழு காட்டேஜ்கள். மற்றவற்றில் பதினைந்து பதினைந்து. கடை கிடையாது, உணவகம் கிடையாது, எரிபொருள் கிடையாது. கைப்பேசிச் சமிக்ஞையை நம்ப முடியாது. ஆனால் அங்கே இருப்பவை எல்லாமே சமையலறையுள்ள முழுக் காட்டேஜ்கள். அங்கே இரவு தங்குவோர் தவிர வேறெவரும் முகாமுக்குள் நுழைய முடியாது. பகல்நேரப் பயணிகளின் பேருந்துகளோ, கடை வாசலில் ஐஸ்கிரீம் வரிசையோ இல்லை. மலேலேன், கிரோகடைல் பிரிட்ஜ் வாயில்களுக்கு இடையே உள்ள பியமிதிக்குச் செல்லும் மண்சாலையை அங்கே தங்குவோர் மட்டுமே பயன்படுத்தலாம். பியமிதி ஓடையை ஒட்டிச் செல்லும் அச்சாலை, தெற்குக் குரூகரின் நெரிசலிலிருந்து விடுபட்ட தனியார் பாதை போன்றது. சமையல் வசதி என்ற ஒரே அளவுகோலில் பார்த்தால் பூங்காவிலேயே சிறந்தவை இவைதான்.

ஆயினும் இவை முதல் இரவுக்கு உரியவை அல்ல. சாமான் எதுவும் மறந்துபோனால் அருகிலுள்ள பெரிய முகாமுக்குப் போய்வரவே அரைநாள் ஆகிவிடும். சில முகாம்களில் சூரிய மின்சாரம் மட்டுமே என்பதால், மின்கெண்டி, முடி உலர்த்தி போன்றவை இயங்கா. இரண்டு மூன்று நாள் பெரிய முகாம் ஒன்றில் இருந்து பூங்காவின் போக்கைப் புரிந்துகொண்ட பிறகு, பையில் அரிசி பருப்போடு இங்கே வந்து சேர்வதே முறை.

இவற்றுக்கும் கீழ்ப்படியில் துணை முகாம்கள் இருக்கின்றன. ஓர்பென் வாயிலருகே திம்பவாதி ஆற்றங்கரையில் உள்ள தம்போதி, கூடாரக் குடில்களால் ஆனது. சிலவற்றுக்குச் சொந்தச் சமையலறை உண்டு, சிலவற்றுக்குப் பொதுச் சமையற்கூடம். ஒலிஃபன்ட்ஸுக்குத் தெற்கே உள்ள பலூலேயில் ஆறே குடில்கள், மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் விளக்கு எரியும். இனஒதுக்கல் காலத்தில் வெள்ளையரல்லாத பயணிகள் தங்க அனுமதிக்கப்பட்ட ஒரு சில இடங்களுள் அது ஒன்று என்பதை அறிந்து போகிறவர்க்கு, அந்தச் சிறு குடில்கள் வேறு விதமாகத் தெரியும். வசதி பார்ப்போர்க்கு அது ஏற்றதல்ல. இளையோர் குழுவுக்கு நன்று.

பணமும் பருவமும்

குடில் வாடகை தலைக்கு அல்லாமல் குடிலுக்கே விதிக்கப்படுகிறது. இரண்டு பேருக்கோ நான்கு பேருக்கோ ஓர் அடிப்படை விலை, அதற்குமேல் ஒவ்வொருவருக்கும் கூடுதல் தொகை. பலரும் கணக்கில் சேர்க்க மறப்பது வனப் பாதுகாப்புக் கட்டணம், அதாவது பூங்காவின் தினசரி நுழைவுக் கட்டணம். வெளிநாட்டுப் பயணிக்கு அது நாளொன்றுக்கு, பெரியவருக்கு, ஐந்நூறு ராண்டைத் தாண்டிவிட்டது; உள்ளே தங்கினாலும் வெளியே தங்கினாலும் அதைக் கட்டியாக வேண்டும். நான்கு பெரியவர்கள் ஒரு வாரம் இருந்தால் அதுவே குடில் வாடகைக்கு அருகில் வந்துவிடும். ஒருவர், இணையர், குடும்பம் என மூவகையாகக் கிடைக்கும் ‘வைல்ட் கார்ட்’ என்ற ஆண்டு அட்டை அக்கட்டணத்துக்கு ஈடாகும். ஒரு வாரம் அளவுக்குத் தங்குவோர் இரண்டு கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும்.

மே மாத இறுதியிலிருந்து செப்டம்பர் வரை வறட்சி. இலை உதிர்ந்து காடு திறந்துகிடக்கும், விலங்குகள் எஞ்சிய நீரைத் தேடி வரும், கொசு குறைவு. விடியற்காலைக் குளிர் கடுமையானது, கம்பளிச்சட்டை இல்லாமல் போகக்கூடாது. ஜூன் இறுதியிலிருந்து ஜூலை நடுப்பகுதி வரை உள்ளூர்ப் பள்ளி விடுமுறை என்பதால் கூட்டம் இருக்கும். நம் கோடை விடுமுறையில் போகக்கூடியவர்களுக்கு மே மாதம் நல்ல சமரசம். நவம்பர் முதல் மார்ச் வரை மழை, வெப்பம், பச்சை, பறவை, இம்பாலாக் குட்டிகள். அப்போது குளிரூட்டி இல்லாத குடிலை எடுக்கவே கூடாது. 2000-ஆம் ஆண்டு பிப்ரவரி வெள்ளம் ஆற்றோர முகாம்களைப் பாழாக்கியதுபோல், பெருமழை ஆண்டுகளில் தாழ்நிலப் பாலங்கள் மூழ்குவதும் மண்சாலைகள் மூடப்படுவதும் உண்டு. ஆகவே மழைக்காலத்தில் தார்ச்சாலையோர முகாமே உத்தமம். ஆண்டு முழுவதும் மலேரியா அபாயம் ஓரளவு இருக்கும், மழைக்காலத்தில் கூடும். வராந்தாவில் இரவுச் சமையல் செய்கிறவர் முழுக்கைச் சட்டையும் கொசு விரட்டியும் இல்லாமல் நிற்கக்கூடாது. மருந்து குறித்து மருத்துவரிடம் கேட்டுவிட்டுப் புறப்பட வேண்டும்.

குழந்தைகள் உள்ள குடும்பம் வாயில் நேரத்துக்கு அப்பாற்பட்ட காட்டைப் பார்க்க ஒரு வழி இருக்கிறது: முகாம்களிலிருந்து பூங்கா ஊழியர்கள் திறந்த வண்டியில் கூட்டிச்செல்லும் விடியல், அந்தி, இரவு உலாக்கள். ஆறு வயதுக்குக் குறைந்தவர்களை ஏற்றுவதில்லை; துப்பாக்கி ஏந்திய வழிகாட்டிகளோடு போகும் நடைப்பயணத்துக்குப் பன்னிரண்டு வயதாவது ஆகியிருக்க வேண்டும். இந்த உலாக்களுக்கும் முன்பதிவு உண்டு.

முடிவாக

ஆறேழு இரவுகள் கையில் உள்ள, பிள்ளைகளும் பெரியவர்களும் கலந்த, சைவ உணவும் சேர்ந்த ஒரு குடும்பத்துக்கு இப்படிச் சொல்வேன்: முதலில் லோயர் சாபீயில் அல்லது பெர்க்-என்-டாலில் குடும்பக் காட்டேஜ் எடுத்து இரண்டு மூன்று இரவு, பிறகு சத்தாராவில் இரண்டு மூன்று இரவு, கடைசியாக ஒலிஃபன்ட்ஸின் ஆற்றுமுகம் கிடைத்தால் ஓரிரவு, கிடைக்காவிட்டால் சத்தாராவிலேயே நீட்டித்துவிடலாம். இணையராகப் போகிறவர்களும், ஏற்கெனவே போய்வந்தவர்களும் பியமிதியையோ தலமாதியையோ நடுவில் சேர்க்கட்டும். ஒரே இரவுக்கு ஒரு முகாம் என்று தினமும் மூட்டை கட்டும் திட்டத்தை எவருக்கும் சொல்லமாட்டேன். ஒவ்வொரு மாற்றமும் ஒரு சமையலையும் ஒரு விடியலையும் தின்றுவிடும்.

முன்பதிவு சான்பார்க்ஸ் தளத்தில் பதினொரு மாதத்துக்கு முன்பே திறக்கிறது. முதலில் சத்தாராவையும் லோயர் சாபீயையும் பதிவு செய்துவிட்டு, அதற்கேற்ப விமானத் தேதியை வைத்துக்கொள்வதே சரியான வரிசை. கேட்ட குடில் இல்லையென்றால் வேலிக்கு வெளியே ஓடிவிட வேண்டியதில்லை. பலர் பயண நாள் நெருங்கும்போது ரத்து செய்கிறார்கள், அன்றாடம் பார்த்துவந்தால் இடம் விழும். சத்தாரா அறவே கிடைக்காதபோது, அதே புல்வெளிக்கு எட்டும் தூரத்தில் இருக்கும் தம்போதி, ஓர்பென், தலமாதி மூன்றையும் இந்த வரிசையிலேயே பார்க்கலாம்.